சிகிச்சை வளர்ப்புக் குடும்பம்: ஒறிகன் அனுபவமும் அது எழுப்பும் வினாக்களும்

நடத்தையிலும் மனவெழுச்சியிலும் கடுமையான சிக்கல்களுக்கு உட்பட்ட ஒரு கட்டிளமைப் பருவப் பிள்ளையை எங்கு வைத்துப் பராமரிப்பது என்னும் வினாவுக்கு நவீன அரசுகள் நெடுங்காலமாக ஒரே விடையையே அளித்து வந்துள்ளன. அப்பிள்ளையை அதனையொத்த ஏனைய பிள்ளைகளுடன் சேர்த்து ஒரு கட்டடத்துள் இடுதல் என்பதே அவ்விடை. சீர்திருத்தப் பள்ளி, பயிற்சிப் பாடசாலை, நன்னடத்தை இல்லம் எனக் காலந்தோறும் கட்டடத்தின் பெயர் மாறிற்றேயன்றி அதன் அடிப்படை மாறவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் மாநிலம் 1848ஆம் ஆண்டில் சிறுவர்க்கென முதலாவது மாநில அரச சீர்திருத்தப் பள்ளியைத் திறந்தது. துணியாலைகள் பெருகிய அதே மாநிலம், அதே காலம். சில மேற்பார்வையாளரைக் கொண்டு பலரை ஒரே கூரையின்கீழ் ஆளும் முறை ஆலைக்குப் பொருந்தியது போலவே பிள்ளைகளுக்கும் பொருந்தும் எனக் கருதப்பட்டமை வெறும் தற்செயல் என நாம் கொள்வதற்கில்லை.

அதே மசாசூசெற்ஸ் மாநிலத்திலேயே 1970களின் தொடக்கத்தில், இளைஞர் சேவைத் திணைக்களத்தின் ஆணையாளராக இருந்த ஜெரோம் மில்லர் அரசின் சீர்திருத்தப் பள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாக மூடினார். உள்ளிருந்து திருத்தமுடியாத நிறுவனங்களை மூடுவதே வழி என்பது அவருடைய முடிபு. 1974ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சிறுவர் நீதி, குற்றத் தடுப்புச் சட்டமும், வீட்டை விட்டு ஓடுதல், பாடசாலைக்குச் செல்லாதிருத்தல் போன்ற செயல்களுக்காகப் பிள்ளைகளைப் பூட்டிவைத்தலைக் கைவிடுமாறு மாநிலங்களைத் தூண்டிற்று. எனினும் கட்டடங்கள் மூடப்பட்ட பின்னர் அப்பிள்ளைகள் எங்கே போவது? இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று, ஒறிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1983ஆம் ஆண்டில் உருவான சிகிச்சை வளர்ப்புக் குடும்ப முறையாகும். அதனை வகுத்தவர் பற்றீசியா சேம்பலேன் என்னும் ஆய்வாளர். அம்முறையை விளக்குவதும், அது எவ்வாற்றாற் பயன் தருகின்றது, எங்கே பயன் தராது போகின்றது என ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளர்ப்புக் குடும்பம் என்பது அமெரிக்காவுக்குப் புதிய கருத்தன்று. சாள்ஸ் லோறிங் பிறேஸ் 1853இல் நியூயோர்க்கில் நிறுவிய சிறுவர் உதவிச் சங்கம், நகரத்து ஏழைப் பிள்ளைகளைப் புகைவண்டி ஏற்றி மேற்கிலுள்ள பண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்பிவந்தது. 1929 வரை நீடித்த அப்புகைவண்டிகளிற் சென்ற பிள்ளைகளுட் சிலர் மகவாகவும், சிலர் கூலியற்ற பண்ணையாளராகவும் ஏற்கப்பட்டனர். பிற்காலத்தில் அரசின் கண்காணிப்பில் வளர்ந்த வளர்ப்புக் குடும்ப முறை, சிறு குழந்தைகளுக்கு ஓரளவு பொருந்தியது. ஆனால் அடிக்கும், உடைக்கும், திருடும், ஓடும், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பதினான்கு வயதினரை அது தாங்கவில்லை. நல்லெண்ணத்தோடு கதவைத் திறந்த குடும்பம் சில வாரங்களிற் கைவிரித்துவிடும். பிள்ளை அடுத்த வீட்டுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கும் மாற்றப்படும். ஈற்றில் நிறுவனத்தின் வாயிலே எஞ்சும். ஒவ்வொரு மாற்றமும், தன்னை எவரும் வைத்திருக்கமாட்டார் என்னும் பிள்ளையின் எண்ணத்துக்குப் புதிய சான்றாய் அமையும். அன்பு மட்டும் போதும் என்னும் கருத்து இங்கே எவ்வளவு கொடூரமாகத் தோற்றது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். தோற்றது வளர்ப்புத் தாயின் அன்பன்று. அவளைத் தனியே விட்ட ஏற்பாடே.

இக்குறையை உணர்ந்த முன்னோடிகளுள், இங்கிலாந்தின் கெண்ற் பிரதேசத்தில் 1975இல் தொடங்கிய குடும்பத் திட்டமும் குறிப்பிடத்தக்கது. நான்சி ஹேசல் நடத்திய அத்திட்டம், நிறுவனங்களுக்கே உரியவர் எனக் கருதப்பட்ட கட்டிளமைப் பருவத்தினரைச் சாதாரண வீடுகளில் அமர்த்தி, வளர்ப்போருக்கு முறையான ஊதியம் வழங்கிற்று. எழுத்திலான உடன்படிக்கையும் செய்துகொண்டது. பிள்ளை வளர்ப்பதற்குக் கூலியா என அன்று எழுந்த முணுமுணுப்பு இன்றும் முற்றாக ஓயவில்லை.

ஒறிகன் முறை பிறந்த சூழல் சற்று வேறானது. யூஜீன் நகரில் ஜெரல்ட் பற்றர்சனும் ஜோன் றீட்டும் 1977இல் நிறுவிய சமூகக் கற்றல் ஆய்வு நிலையம், சண்டைக்காரப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நேரிற் சென்று அங்கு நிகழ்வதை நொடிக்கு நொடி பதிவுசெய்யும் மரபை வளர்த்திருந்தது. பிள்ளையின் ஆழ்மனத்துள் என்ன இருக்கின்றது என்னும் வினாவை விட்டு, அவன் ஒன்றைச் செய்ததும் அவனைச் சூழ்ந்தோர் என்ன செய்கின்றனர் என்னும் வினாவை அவர்கள் முன்வைத்தனர். இதன் பயனாகப் பற்றர்சன் 1982இல் வெளியிட்ட நூலில் விளக்கிய 'வலிந்து பணியவைத்தல்' என்னும் கோட்பாடு மிக எளிமையானது. தாய் ஒரு வேலையைச் சொல்கின்றாள். மகன் சிணுங்குகின்றான், பின்னர் கத்துகின்றான். நாள் முழுவதும் உழைத்துக் களைத்த தாய், 'எப்படியாவது போ' என விட்டுவிடுகின்றாள். உடனே கத்தல் நிற்கின்றது. கத்தினால் வேலை தப்பும் என மகன் கற்கின்றான். விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும் எனத் தாய் கற்கின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பயிற்றுகின்றனர். ஆனால் இருவருக்கும் அது தெரிவதில்லை. நாளுக்குப் பன்முறை, ஆண்டுக்கணக்காக இது நிகழுமிடத்துக் கத்தல் அடியாகவும், அடி அதனினும் கொடியதாகவும் வளர்கின்றது. வறுமை, வேலையின்மை, மணமுறிவு, தாயின் மனச்சோர்வு ஆகியன பெற்றோரின் பொறுமையை அரித்து இச்சுழற்சியை விரைவுபடுத்துகின்றன எனவும் பற்றர்சன் குழுவினர் காட்டினர். ஆகவே, 'கெட்ட பிள்ளை' என்றோ 'கெட்ட தாய்' என்றோ விரல்நீட்டும் வழக்கத்துக்கு இக்கோட்பாட்டில் இடமில்லை.

வீட்டிலே தொடங்கிய பயிற்சியை வெளியே நிறைவுசெய்வோர் நண்பர்கள். 1966ஆம் ஆண்டிலேயே பற்றர்சனும் வேறு இருவரும், சீர்திருத்த நிறுவனமொன்றிலிருந்த பெண்பிள்ளைகளை அவதானித்து, விதிமீறும் பேச்சுக்கும் செயலுக்கும் சக பிள்ளைகள் புன்னகை, தலையசைப்பு, கவனம் ஆகியவற்றால் ஓயாது பரிசளிப்பதைக் கண்டனர். நிறுவனத்தின் அலுவலர் நாளில் ஒருமுறை நல்லுரை கூறலாம். சக பிள்ளைகளின் பரிசோ நிமிடத்துக்கு நிமிடம் கிடைக்கின்றது. எது வெல்லும் எனக் கேட்கவேண்டியதில்லை. தோமஸ் டிஷியனும் சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் நுணுக்கமாக்கியது. பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவர் தம் நண்பருடன் உரையாடுவதை அவர்கள் ஒளிப்பதிவு செய்தனர். விதிமீறல் பற்றிய பேச்சுக்குச் சிரிப்பு விடையாகக் கிடைத்த நட்புகளில், அடுத்த இரண்டு ஆண்டுகளில் நெறிபிறழ்வு கூடிற்று. ஒரு சிரிப்பு இவ்வளவு செய்யுமா என நாம் வியக்கலாம். ஆனால் கட்டிளமைப் பருவத்தில் அச்சிரிப்பைக் காட்டிலும் பெறுமதியான நாணயம் வேறில்லை.

நல்லெண்ணத்தாலான உதவியும் இவ்வழியே தீங்காய் முடிந்ததுண்டு. மசாசூசெற்ஸிலே கேம்பிறிட்ஜ், சமர்வில் ஆகிய நகரங்களில் 1939இல் தொடங்கிய திட்டமொன்று 506 சிறுவரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு ஆலோசகர், மருத்துவம், கல்வித் துணை, கோடை முகாம் ஆகியவற்றைச் சராசரி ஐந்து ஆண்டுகள் வழங்கிற்று. முப்பது ஆண்டுகளின் பின்னர் அவர்களைத் தேடிக் கண்ட ஜோன் மக்கோட் என்னும் பெண் ஆய்வாளர் 1978இல் வெளியிட்ட முடிபு பலரைத் திடுக்கிடச் செய்தது. உதவி பெற்றோரே, பெறாதோரிலும் பார்க்கச் சில அளவைகளிற் கேடுற்றிருந்தனர். பின்னர் செய்யப்பட்ட பகுப்பாய்வு, கோடை முகாமுக்குப் பலமுறை அனுப்பப்பட்டவரிடையே இத்தீங்கு மிகுந்திருந்ததைச் சுட்டிற்று. இவை யாவற்றையும் சேர்த்து நோக்குமிடத்து, சிக்கலுடைய பிள்ளைகளை ஒன்றாகத் திரட்டுதல் செலவைக் குறைக்கும் வழி மட்டுமன்று, சிக்கலைப் பெருக்கும் வழியுமாகும் என்பது தெளிவாகின்றது.

ஒறிகன் முறையின் அச்சாணி இதிலேயே உள்ளது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை. ஆறு முதல் ஒன்பது மாதம் வரை அப்பிள்ளை அவ்வீட்டிலே தங்கி, அவ்வூர்ப் பாடசாலைக்கே செல்கின்றது. ஆனால் பிள்ளையைச் சுற்றி நிற்பது அவ்வீடு மட்டுமன்று. ஏறத்தாழப் பத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் ஒருவர், பிள்ளைக்கென ஒரு சிகிச்சையாளர், பிள்ளையின் சொந்தப் பெற்றோருக்கென வேறொரு சிகிச்சையாளர், பிள்ளையுடன் கடைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் சென்று பழகும் முறைகளைக் கற்பிக்கும் இளவயதுப் பயிற்றுநர் எனப் பலர் ஒரே திட்டத்தின்படி இயங்குகின்றனர். இவர்களிடையே வேலைப் பிரிவினை கண்டிப்பானது. அனுமதி மறுத்தல், விதியை இறுக்குதல் முதலிய கசப்பான தீர்மானங்கள் மேற்பார்வையாளரின் பெயரிலே வருகின்றன. பிள்ளைக்காக வாதாடுபவர் அதன் சிகிச்சையாளர். வளர்ப்புத் தாய் தகப்பனோ நாளாந்த உறவைக் கெடுத்துக்கொள்ளாது இருக்க இயலுகின்றது. நமது கூட்டுக் குடும்பங்களிலே தண்டிக்கும் பொறுப்பு ஒருவருக்கும் தேற்றும் பொறுப்பு இன்னொருவருக்குமாகப் பங்கிடப்பட்டிருந்ததை வாசகர் சிலர் இங்கு நினைவுகூரக்கூடும். வேறுபாடு யாதெனில், ஒறிகனில் அப்பங்கீடு திட்டமிட்டுச் செய்யப்படுகின்றது.

வீட்டினுள் நடைபெறுவது புள்ளி முறை. நேரத்துக்கு எழுதல், படுக்கையை ஒழுங்குசெய்தல், வகுப்பில் அமர்ந்திருத்தல், சொன்னதை முகஞ்சுளியாது ஏற்றல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி எனக் குறிக்கப்பட்டிருக்கும். முதற்படியில் இன்று ஈட்டிய புள்ளிகள் நாளைய சலுகைகளாக மாறும். அடுத்த படிகளிற் கணக்கு வாரத்துக்கு ஒருமுறையாகி, சுதந்திரமும் விரியும். பாடசாலையில் ஒவ்வொரு பாட ஆசிரியரும் ஒப்பமிடும் அட்டை ஒன்றும் உண்டு. தவறு நேர்ந்தவிடத்துப் புள்ளி கழிக்கப்படுமேயன்றி உபதேசம் செய்யப்படுவதில்லை. தொடக்கத்தில், பெரியவர் கண்காணிப்பின்றிக் கழியும் நேரம் அனேகமாக இல்லை. பழைய கூட்டாளிகளைச் சந்தித்தல் முற்றாகத் தடுக்கப்படுகின்றது.

இது பிள்ளை வளர்ப்பையே ஒரு கூலிக்கணக்காக்கிவிடுகின்றது என்னும் கண்டனம் எழுதல் இயல்பே. நாமும் அதனை எளிதில் ஒதுக்க விரும்பவில்லை. நடத்தைவாத உளவியல் மனிதனைத் தூண்டலுக்குத் துலங்கும் பிராணியாகக் குறுக்கும் ஆபத்து மெய்யானது. ஆயினும் இம்முறைக்கு வந்துசேரும் பிள்ளை எத்தகைய உலகிலிருந்து வருகின்றது என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அதே செயலுக்கு நேற்று அடியும் இன்று சிரிப்பும் கிடைத்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, சொன்னபடி நடக்கும் ஒரு பெரியவர் புதுமை. சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்ட அந்தத் தாள், பெரியவர் ஒருவர் அப்பிள்ளையுடன் செய்து மீறாது காத்த முதல் உடன்படிக்கையாகவும் இருத்தல் கூடும்.

எமது கணிப்பில் இம்முறையின் மிகச் சிறந்த கூறு புள்ளி முறையன்று. மிகச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு தொலைபேசி அழைப்பே. வேலைநாள் ஒவ்வொன்றிலும் திட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வளர்ப்புத் தாயை அல்லது தகப்பனை அழைத்து, கடந்த இருபத்துநான்கு மணித்தியாலத்தில் வாதாட்டம், பொய், சண்டை, அழுகை, படுக்கை நனைத்தல் முதலாகப் பட்டியலிலுள்ள நடத்தைகள் ஒவ்வொன்றும் நிகழ்ந்ததா என வினவுகின்றார். நிகழ்ந்ததெனில், அது உமக்குத் துயர் தந்ததா என்பது அடுத்த வினா. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இவ்வழைப்பு இரு பணிகளைச் செய்கின்றது. குழுவினருக்கு நாளாந்தத் தரவு கிடைக்கின்றது. வளர்ப்போருக்கோ, தம் களைப்பை ஒருவர் கேட்டறிந்து குறித்துக்கொண்டார் என்னும் உணர்வு கிடைக்கின்றது. கலிபோர்னியாவின் சன் டியாகோ பகுதியில், சாதாரண வளர்ப்புக் குடும்பங்களிலிருந்த சிறுபிள்ளைகளிடையே சேம்பலேன் குழுவினர் இதே வினாக்கொத்தைப் பயன்படுத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாளொன்றுக்கு ஆறு வரையான சிக்கல் நடத்தைகளைக் குடும்பங்கள் தாங்கின. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நடத்தைக்கும் அப்பிள்ளை அவ்வீட்டை இழக்கும் வாய்ப்பு 17 வீதம் வீதம் கூடிற்று. பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டென்பதும் அது எங்குள்ளதென அளக்கலாம் என்பதும் இதனாற் பெறப்படும். எல்லையை எட்டுமுன் உதவி சென்றடைந்தால் வீடு நிலைக்கும். வாரந்தோறும் வளர்ப்போர் கூடும் கூட்டமும், இரவு பகல் எந்நேரமும் அழைக்கத்தக்க மேற்பார்வையாளரும், இடையிடையே ஓய்வு தரும் மாற்று வீடும் இந்நோக்கிலேயே அமைக்கப்பட்டுள்ளன.

பயன் யாது? சேம்பலேனும் றீட்டும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையான 79 சிறுவர், எழுந்தமானமாக இரு கூறாக்கப்பட்டு, ஒரு கூறினர் இவ்வீடுகளுக்கும் மறு கூறினர் குழு இல்லங்களுக்கும் அனுப்பப்பட்டனர். ஏற்கெனவே பலமுறை நீதிமன்றம் கண்டவர்கள் இவர்கள். ஓராண்டின் பின்னர், வீடுகளிலிருந்தோருள் 41 வீதத்தினர் மீது புதிய குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை; குழு இல்லத்தவருள் அத்தகையோர் 7 வீதத்தினரே. தடுப்பில் இருந்த நாட்களும் முன்னவர்க்கு ஏறத்தாழ 60 வீதம் குறைவு. பெண்பிள்ளைகள் 166 பேரை உள்ளடக்கி 2009இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுள் கருவுற்றோர் வீடுகளிலிருந்தோருள் 27 வீதமும் மறு கூறினருள் 47 வீதமுமாவர். இவற்றிலும் முக்கியமானது, மார்க் எடியும் சேம்பலேனும் 2000ஆம் ஆண்டில் எழுப்பிய 'எதனால்?' என்னும் வினா. அவர்கள் கண்ட விடை: கண்காணிப்பு, நீதியான ஒழுங்கு, ஒரு பெரியவருடன் நல்லுறவு, நெறிபிறழ்ந்த சகபாடிகளிடமிருந்து விலகியிருத்தல். இந்நான்கும் எங்கே வாய்த்தனவோ அங்கே மாற்றம் நிகழ்ந்தது. இரு ஏற்பாடுகளுக்குமிடையே காணப்பட்ட வேறுபாட்டைப் பெரிதும் விளக்குவன இவையே.

இருப்பினும் ஆரவாரத்துக்கு இடமில்லை. 2008இல் வெளியான கொக்கிறேன் மீளாய்வு, தகுதியான ஐந்து ஆய்வுகளையே கண்டு, சான்றுகள் நம்பிக்கை தருவனவாயினும் வழமையாகக் கூறப்படும் அளவுக்கு உறுதியானவையல்ல எனக் கூறிற்று. இங்கிலாந்து இம்முறையை 2003ஆம் ஆண்டளவில் அரச செலவிற் புகுத்தியது. ஆனால் அங்கு வீடுகளுக்கு அனுப்பப்பட்டோருட் பெரும்பாலார் நீதிமன்றத்திலிருந்து வந்த குற்றவாளிச் சிறுவரல்லர். துன்புறுத்தலும் புறக்கணிப்பும் கண்டு அரசின் பராமரிப்பில் இருந்த பிள்ளைகள். 2014இல் வெளியான மதிப்பீடு, வழமையான பராமரிப்பைக் காட்டிலும் பொதுவான மேம்பாடு எதனையும் காணவில்லை. சமூகவிரோத நடத்தை மிகுந்த பிள்ளைகள் பயன்பெற்றனர். அந்நடத்தை இல்லாதோர் வழமையான பராமரிப்பிலேயே நன்றாயிருந்தனர். இதனை நாம் தோல்வியாகக் கொள்ளாது, அறிவாகவே கொள்கின்றோம். உலகை நோக்கிக் கையோங்கும் பிள்ளைக்கென வகுத்த ஒழுங்கு, உள்ளே ஒடுங்கிப்போன பிள்ளைக்கு இன்னொரு சுமையாகலாம். 'நடத்தைச் சிக்கல்' எனவும் 'மனவெழுச்சிச் சிக்கல்' எனவும் ஒரே மூச்சிற் கூறிவிடும் நம் வழக்கம் இங்கே இடறுகின்றது.

இன்னொரு பிரச்சினை ஆய்வு அட்டவணைகளில் அடங்குவதன்று. யாருடைய பிள்ளைகள் யாருடைய வீடுகளுக்கு அனுப்பப்படுகின்றனர்? அமெரிக்காவில் வளர்ப்புக் குடும்பங்களிலும் சிறுவர் தடுப்பு நிலையங்களிலும் கறுப்பினப் பிள்ளைகளும் பூர்வீக அமெரிக்கப் பிள்ளைகளும் தம் மக்கட்டொகை விகிதத்துக்கு மிஞ்சியே காணப்பட்டு வந்துள்ளனர். பூர்வீக மக்களின் பிள்ளைகள் பெருந்தொகையாக வெள்ளையர் வீடுகளுக்கு மாற்றப்பட்டமையினால், அதனைக் கட்டுப்படுத்த 1978இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆகையால் 'நல்ல குடும்பம்' என்னும் சொல் ஏழைகளின் காதில் எப்போதும் இனிமையாக ஒலிப்பதில்லை. ஒறிகன் முறை இவ்வரலாற்றின் நிழலிலிருந்து முற்றாக விடுபட்டதன்று. எனினும் ஒரு விடயத்தில் அது பழைய முறைகளினின்று வேறுபடுகின்றது. பிள்ளை திரும்பிச் செல்லவிருப்பது சொந்த வீட்டுக்கே என அது தொடக்கத்திலேயே கொள்கின்றது. பிள்ளை வேறு வீட்டிலிருக்கும் அதே மாதங்களிற் பெற்றோருக்கும் அதே புள்ளி முறை கற்பிக்கப்படுகின்றது. சில மணிநேரச் சந்திப்பு ஒரு நாளாகி, ஒரு நாள் வார இறுதியாகின்றது. பிள்ளை வீடு திரும்பிய பின்னரும் குழுவினர் சில மாதங்கள் தொடர்கின்றனர். ஆனால் அப்பெற்றோரின் வாடகையும் வேலைநேரமும் கடனும் முன்போலவே இருக்குமாயின், கற்ற திறன் எத்தனை நாள் தாங்கும் என்பதைப் புள்ளி அட்டை கூறுவதில்லை.

உழைப்புப் பற்றிய வினாவும் இதனுடன் இணைந்ததே. பதினான்கு வயதுப் பிள்ளையொன்றின் கோபத்தை நாள் முழுவதும் எதிர்கொண்டு, குரலுயர்த்தாது புள்ளி கழித்து, மறுநாட் காலை தொலைபேசியில் அதனை விபரிப்பது வேலை, கடினமான வேலை. அதனைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். ஒறிகன் முறை அவர்களுக்குச் சாதாரண வளர்ப்புப் படியிலும் கூடிய தொகை வழங்குகின்றது, பயிற்சியும் தருகின்றது. அவர்கள் சிகிச்சைக் குழுவின் உறுப்பினராகவே மதிக்கப்படுகின்றனர். தாய்மையைப் புகழ்ந்து கூலியை மறுக்கும் பழக்கமுடைய சமுதாயங்களுக்கு இது முதலிற் கூச்சத்தைத் தரலாம். 2018ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று, குழு இல்லங்களுக்கான மத்திய அரசின் நிதியைப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு மட்டுப்படுத்திற்று. குழு இல்லத்துக்கு வேண்டியது கட்டடமும் சம்பளப் பட்டியலும். இங்கோ பதினான்கு வயதினரை ஏற்க முன்வரும் குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டு, பயிற்றி, தக்கவைத்தல் வேண்டும்.

எமது நாட்டின் சட்டத்திலும் இதற்கு ஒரு நுழைவாயில் நெடுங்காலமாகவே இருந்துள்ளது. இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி ஆக்கப்பட்ட, 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், நீதிமன்றம் ஒரு பிள்ளையைச் சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்புவதற்கு மாத்திரமன்றி, உறவினராயினும் அல்லராயினும் பொறுப்பேற்க விரும்பும் 'தகுதியான ஆள்' ஒருவரிடம் ஒப்படைப்பதற்கும் இடமளித்தது. தகுதியான அவ்வாளுக்கு யார் நாள்தோறும் தொலைபேசி எடுப்பது, யார் ஓய்வு கொடுப்பது, யார் ஊதியம் வழங்குவது என்பனவே ஒறிகன் அனுபவத்தை வாசித்த பின்னர் அவ்வாசகத்தினருகே நாம் எழுதிவைக்கக்கூடிய வினாக்கள்.